அட்வான்ஸ் மொட்டை

எனக்கு மொட்டை அடித்த பிறகுதான் இங்கிலாந்து என்னிடம் அன்பாக நடந்துகொள்ள ஆரம்பித்தது. அதற்கு முன்பு அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மின்னஞ்சல்கள் எல்லாம் ஜப்தி நோட்டீஸ் மாதிரி இருக்கும். 'அன்புள்ள மாணவருக்கு' என்று ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு அன்பு எங்கும் தென்படாது. மொட்டைத் தலையோடு ஒருமுறை அவர்கள் கண்ணில் பட்டேன். மறுநாளே நான் சரியாகத் தூங்குகிறேனா, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டு எழுதினார்கள்.

இதை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

நான் படித்தது உணவுத் தொழில்நுட்பம். முதல் இரண்டு வருடம் இங்கே, கடைசி வருடம் அங்கே, பட்டமும் அங்கேயிருந்து. விளம்பரத்தில் 'சென்னை வளாகம்' என்று போட்டிருந்தார்கள். திருத்தணியில் ரயில் ஏறி, சென்னைக்கு நெடுந்தூரம் இருக்கும்போதே மணவூரில் இறங்கி, கல்லூரி வேனுக்குக் காத்து நின்று, வயல்களுக்கு நடுவே குலுங்கிக்கொண்டு போனால் அந்தச் சென்னை வரும். வரவேற்பறையில் இங்கிலாந்துக் கொடி, பனி விழும் படம், சிரிக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகள். ஜன்னலுக்கு வெளியே எருமை. எந்த எருமையும் எங்களைப் பெரிதாக மதித்ததில்லை.

ஊரில் இந்த ஏற்பாடு யாருக்கும் புரியவில்லை. எதிர் வீட்டு அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்.

"அப்பிடின்னா நீ இப்ப ஃபாரின்ல பாதி படிச்சுகினு கீறியா?"

"ஆங் அக்கா. இடுப்பு வரைக்கும் போயிட்டேன். தலைதான் பாக்கி."

விளையாட்டாகச் சொன்னேன். கடைசியில் தலைதான் பிரச்சினை ஆனது.

இரண்டாம் வருடம் முடிகிற நேரத்தில் அங்கிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நுண்ணுயிரியல் பாடத்தில் எங்கள் கல்லூரி செய்யவைத்த ஆய்வக வேலை அவர்களுக்குப் போதவில்லையாம். காணொளியில் என்னிடம் நேர்காணல் நடத்தி, மூன்றாம் வருடத்தில் சேர்ப்பதா, இரண்டாம் வருடத்தில் போட்டுத் திரும்பப் படிக்கவைப்பதா என்று முடிவு செய்வார்களாம். அவர்களுக்கு அது ஒரு வருட வித்தியாசம். எனக்கு அப்படி இல்லை. வங்கி கடன் கொடுத்திருந்தது ஒரே ஒரு வருடத்துக்கு. நிலத்துப் பத்திரம் ஏற்கெனவே அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. இரண்டாம் வருடம் என்று சொன்னால் நான் போகவே முடியாது. படித்த இரண்டு வருடத்தை இங்கே வேறு எந்தக் கல்லூரியும் சேர்த்துக்கொள்ளாது. அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணாகத் திரும்ப நிற்க வேண்டியதுதான்.

இந்தப் படிப்பில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது பாவா. என் அக்காவின் கணவர். அரக்கோணத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை மையம் வைத்திருக்கிறார். வாசலில் பெரிய விமானப் படம். அவர் ஏறிய விமானம் அது ஒன்றுதான், அதுவும் ஒட்டுவதற்காக ஏணி போட்டு ஏறியது. பெங்களூரைத் தாண்டிப் போகாத மனிதர் லண்டன் குளிரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேட்கிறவர்களுக்குச் சளி பிடித்துவிடும். மனசு மட்டும் நல்ல மனசு.

"நேர்காணல்ல ஃபாரின்காரன் உன்னை மடக்கத்தான் பாப்பான். அன்பா பேசுவான், மயங்கிடாத" என்று பாவா எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது, நைனா, அதாவது என் அப்பா, வேறு ஒரு ஏற்பாட்டில் இருந்தார்.

நைனா கரும்பு போடுகிறவர். ஆர்.கே.பேட்டை போகிற வழியில் எங்கள் நிலம். ஊரில் எல்லோரும் முருகனிடம் வேண்டிக்கொள்வது ஒரு விதம்: நீ இதை முடித்துக் கொடு, நான் வந்து மொட்டை போடுகிறேன் என்பார்கள். நைனாவுக்கு அது பிடிக்காது. அது சந்தையில் பேரம் பேசுவதாம்.

"கரும்ப வெட்டி லாரில ஏத்தி வுட்டாத்தான் ஆலையில போயி சத்தமா பேச முடியும். வயல்ல நிக்கற கரும்ப காட்டி எவன்கிட்ட பேசறது? சாமிக்கும் அப்பிடித்தான். நாம மொதல்ல குடுத்துட்டோம்னு வெச்சுக்க, அப்புறம் அவருக்குத் தூக்கம் வருமா?"

அதாவது, நேர்காணலுக்கு முன்பே என் முடியைக் கொடுத்துவிட வேண்டும். சாமியை நெருக்கடியில் நிறுத்த வேண்டும்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "வயசுப் பொண்ணு முடி இன்னாத்துக்கு? உனக்கு அவ்ளோ பக்தி இருந்தா உன் தலைய குடு."

"என் தலைல இன்னா கீது குடுக்கறதுக்கு? இத்த எடுத்துகினு போயி நின்னா அவரே சிரிப்பாரு."

அதுவும் உண்மைதான். நைனாவின் தலையில் காதுக்கு மேலே மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மேலே விட்டதை எல்லாம் மீசையில் பிடித்து வைத்திருந்தார். நைனாவைத் தெரியாதவர்களுக்குக்கூட அந்த மீசையைத் தெரியும். கல்யாணப் படத்திலிருந்து ரேஷன் கார்டு வரைக்கும் முதலில் மீசை, பிறகுதான் நைனா.

நான் மறுத்திருக்கலாம். நான் எதையும் சும்மா ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. ஆனால் பயந்து போயிருந்தேன். முடி வளரும், போன வருடம் வளராது என்று கணக்குப் போட்டேன். அந்த வாரம் யாராவது கிட்னியைக் கேட்டிருந்தாலும் எந்தப் பக்கத்தது என்று மட்டும்தான் கேட்டிருப்பேன்.

மலைமேல் முடி காணிக்கை கொடுக்கிற இடத்தில் எனக்கு முன்னால் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. எனக்கும் அதோடு சேர்ந்துகொள்ள ஆசைதான். தலையைத் தண்ணீர் தொட்டு நனைத்துக்கொண்டே நாவிதர் கேட்டார்.

"இன்னா வேண்டுதல்மா?"

"மூணாவது வருசத்துல சேரணும்ணா."

"ரெண்டு தடவ ஃபெயிலா?" என்றார் பாவமாக. கத்தி தலையில் இருக்கும்போது விளக்கம் சொல்லக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

இறங்கி வரும்போது காற்று நேராக மூளைக்குள் போவதுபோல இருந்தது. மற்றபடி ஒரு வித்தியாசமும் இல்லை. எங்கள் ஊர் கடைத்தெருவில் எந்த நாளும் மொட்டைகள்தான். சந்தனம் பூசிய ஆண்கள், பெண்கள், கைக்குழந்தைகள். டீக்கடையில், பஸ்ஸில், செல்ஃபோன் ரீசார்ஜ் கடையில் என்று எங்கும். அங்கே முடியோடு நிற்கிறவன்தான் வெளியூர்க்காரன் மாதிரி தெரிவான். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நேர்காணல் அன்று பாவா மோட்டார் பைக்கில் வந்து இறங்கினார். என் தலையில் அம்மா அப்பியிருந்த சந்தனத்தைப் பார்த்து அவருக்கு மூச்சு முட்டியது.

"மொதல்ல அத்த கழுவு. புரொஃபஷனலா இருக்கணும்."

கழுவினேன். எங்கள் குடும்பத்தில் நடந்த தவறுகளிலேயே சுத்தமான தவறு அதுதான். சந்தனம் இருந்திருந்தால் பார்க்கிறவர்களுக்கு அது மதம் என்று தெரிந்திருக்கும். கழுவிவிட்டதால் வெறும் மொட்டை. தூங்காமல் படித்த கண்ணுக்குக் கீழே கருவளையம். பயத்தில் சரியாகச் சாப்பிடாததால் கழுத்து எலும்பு வேறு துருத்திக்கொண்டு நின்றது.

மாடி அறையில் லேப்டாப்பின் முன் உட்கார்ந்தேன். நைனா கதவுக்கு வெளியே காவல். அம்மாவுக்கு மிக்ஸி போடத் தடை. திரையில் ஒரு பெண்மணி வந்தார். அந்தப் படிப்புக்குத் தலைவர். நறுக்கென்று பேசினார். அடையாளம் சரிபார்க்கப் பாஸ்போர்ட்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். அவரிடம் என் விண்ணப்பத்தில் இருந்த படமும் இருந்தது. அக்கா கல்யாணத்தில் எடுத்தது, தோள் வழியாக முன்னால் வழிகிற பின்னலும் அதில் முழம் முழமாக மல்லிகையும். அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு அந்த நறுக்குக் குரல் அப்படியே தணிந்துவிட்டது.

"உனக்கு முடியாமல் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்" என்றார்.

இதுதான் பாவா சொன்ன மடக்கு என்று நினைத்தேன். "இல்லை, நான் தயார்" என்று விறைப்பாகச் சொன்னேன். அவருக்குக் கண் கலங்குகிற மாதிரி இருந்தது. என் துணிச்சலை மெச்சினார். பாக்டீரியாவின் பெயர்களை எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தேன். ஒன்றையும் கேட்கவில்லை. ஆய்வக வேலை பிடித்திருந்ததா என்று மட்டும் கேட்டார். பிடித்திருந்தது என்று ஆரம்பித்தேன். போதும், உடம்பை அலட்டிக்கொள்ள வேண்டாம் என்று முடித்துவிட்டார். அம்மா வைத்துவிட்டுப் போன காப்பி ஆறக்கூட இல்லை.

வெளியே வந்தேன்.

"இன்னாம்மா, அவ்ளோதானா?" என்றார் நைனா.

"ஆங். அவ்ளோதான்."

நைனா மலை இருக்கிற திசையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஆலையில் லோடு இறங்கிவிட்டது என்று தகவல் வந்தால் அப்படித்தான் ஆட்டுவார்.

அன்பான மின்னஞ்சல் மறுநாள் வந்தது. தூக்கம், சாப்பாடு, வீட்டார் பற்றி எல்லாம் விசாரித்துவிட்டு, விஷயத்துக்கு வந்திருந்தார். என் உடல்நிலையால்தான் ஆய்வக வேலை குறைந்திருக்கிறது என்று அவர்கள் புரிந்துகொண்டார்களாம். டாக்டரிடமிருந்து ஒரு கடிதம் அனுப்பினால் போதும், விதிவிலக்குக் கொடுத்து நேராக மூன்றாம் வருடத்தில் சேர்த்துவிடுவார்களாம். வேறு கேள்வி எதுவும் இருக்காது.

எனக்கு இரண்டு முறை படித்த பிறகுதான் உறைத்தது. பாவாவுக்கு ஒரே முறையில் உறைத்தது. அவர் முகம் கார்த்திகை விளக்கு மாதிரி ஆகிவிட்டது.

"மாமா, முருகன் போட்ட ரூட்டப் பாத்தீங்களா" என்றார் நைனாவிடம். "இவளுக்கு கேன்சர்னு நெனச்சிகினு கீறாங்க. அரக்கோணத்துல எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தரு கீறாரு. ஒரே ஒரு லெட்டர். சீட்டு கையில."

நைனா எழுந்து நின்றார்.

"அந்த வார்த்தைய இந்த வூட்ல சொல்லாத" என்றார். பாவாவிடம் அவர் குரல் உயர்த்தி நான் அதுவரை கேட்டதில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று மதியம் சாப்பிட வரவில்லை. அம்மா உப்பும் மிளகாயும் எடுத்து எனக்குச் சுற்றி அடுப்பில் போட்டாள். வீடே இருமியது.

அந்த லெட்டர் எனக்கு வேண்டும் என்று இருந்தது. பாவாவின் யோசனை கேவலமானது என்று தெரிந்தேதான் இருந்தது. நிஜமாக நோயில் கிடக்கிறவர்களுக்காக வைத்த வழியில் நான் சந்தனத்தைக் கழுவிவிட்டு நுழையப் பார்க்கிறேன். ஆனாலும் நிலத்துப் பத்திரத்தை நினைத்தால், வாங்கிவிடலாமே என்று தோன்றும். கடைசியில் என்னைக் காப்பாற்றியது நேர்மை என்று சொன்னால் பொய். கோபம்தான். இரண்டு வருடம் ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே படித்தவளிடம் ஒரே ஒரு கேள்விகூடக் கேட்காமல் இந்தப் பெண்மணி சீட்டுத் தருவாராமே. அதோடு, ஒரு வருடம் முழுக்க அங்கே நான் நோயாளியாக நடிக்க வேண்டும். அழ வேண்டிய இடத்தில் சிரித்துவிடுகிறவள் நான். இரண்டே நாளில் பிடித்துவிடுவார்கள்.

அன்று சாயங்காலமே பதில் எழுதினேன். 'நான் முழு ஆரோக்கியமாக இருக்கிறேன். என் முடியை எங்கள் ஊர்ச் சாமிக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் கேட்கவில்லை, என் அப்பா தானாகவே கொடுக்கவைத்தார். எங்கள் ஊரில் இது தினமும் நடப்பது. என்னிடம் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விகளைத் தயவுசெய்து கேளுங்கள்.' இவ்வளவுதான். பாவா படித்துவிட்டு, விமானம் கிளம்பும் முன்பே நான் இறக்கையை அறுத்துவிட்டதாகச் சொன்னார்.

அங்கிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது. தகவலுக்கு நன்றி, மறு நேர்காணலில் இன்னொரு பேராசிரியரும் இருப்பார். பழையபடி ஜப்தி நோட்டீஸ். எனக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. அந்த ஒரு நாள் அன்பு நன்றாகத்தான் இருந்தது.

இந்த முறை அம்மா சந்தனத்தைத் தலையில் வழிய வழிய அப்பிவிட்டாள். அதோடேதான் உட்கார்ந்தேன். புதிதாக வந்த பேராசிரியருக்கு என் தலையில் அக்கறையே இல்லை. கேள்வியாகக் கேட்டுத் தள்ளினார். சிலதற்குச் சொன்னேன். ஒன்றுக்குத் தப்பாகச் சொல்லி, பாதியில் தெரிந்துகொண்டு திருத்தினேன். இரண்டுக்குத் தெரியாது என்றேன். உங்கள் ஆய்வகத்தில் கிருமி வளர்க்கிற இன்குபேட்டர் எந்த வகை என்று கேட்டார். எங்கள் கல்லூரி இன்குபேட்டர் முதல் வருடத்திலேயே படுத்துவிட்டது. உள்ளே யாரோ சாப்பாட்டு டப்பா வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்குபேட்டர் வேலை செய்யவில்லை. எங்கள் மே மாதம் வேலை செய்தது. தட்டுகளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனோம், கிருமி தானாக வளர்ந்தது" என்றேன்.

அந்தப் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்குவது தெரிந்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. வெப்பத்தைக் குறித்து வைத்தீர்களா என்று கேட்டார். வைத்தோம் என்று சொல்லி, என்ன வளர்ந்தது, எது வளரவில்லை, ஏன் அந்தக் கணக்கை முழுதாக நம்ப முடியாது என்று விளக்கினேன். பாதிக்கு மேல் பயம் போய்விட்டது. மறந்து போய் ஒருமுறை தலையைச் சொறிந்தேன். விரலெல்லாம் சந்தனம்.

மூன்றாம் வருடத்திலேயே இடம் கிடைத்தது. ஒரு நிபந்தனை: வகுப்புத் தொடங்குவதற்கு முன்பே வந்து, விட்டுப்போன ஆய்வக வேலையை அங்கே முடிக்க வேண்டும். நைனா ஃபோனை வாங்கி, புரியாத ஆங்கிலத்தை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். "பின்ன? அட்வான்ஸ் வாங்கிகினு ஏமாத்த முடியுமா?" என்றார். பாவா தன் மையத்து வாசலில் எனக்கு ஒரு பேனர் வைத்தார். அதில் மல்லிகைப் பின்னல் படம். மொட்டை வியாபாரத்துக்கு ஆகாதாம்.

அங்கே போன கதை பெரிதாக ஒன்றும் இல்லை. வேறு நாடுகளில் பாதி படித்துவிட்டுக் கடைசி வருடத்துக்கு மட்டும் வந்தவர்கள் நாங்கள் கொஞ்சம் பேர் இருந்தோம். நேபாளம், மலேசியா, சீனா. அரக்கோணத்தில் ரயில் ஏறுகிற மாதிரிதான். முன்பே ஏறியவர்கள் ஜன்னல், சிநேகிதம் எல்லாவற்றையும் பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் கதவருகே ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றோம். எங்களை வரவேற்க ஒரு அறையில் பிஸ்கெட் வைத்தார்கள். அந்தப் பெண்மணியும் வந்திருந்தார். முள்ளு முள்ளாக வளர்ந்திருந்த என் தலையைப் பார்த்து, எங்கள் மே மாதத்தை எப்போது அனுப்பி வைக்கப் போகிறேன் என்று கேட்டார். மழையில் நனைந்து வந்திருந்தார்.

மழை, ஆய்வகம், அரிசிக் குக்கர் என்று நாள் ஓடியது. அந்த ஊரில் மொட்டையாக யாரைப் பார்த்தாலும் ஒன்று ஃபேஷன், இல்லையென்றால் வேறு காரணம். வேறு காரணமாக இருந்தால் எல்லோரும் குரலைத் தாழ்த்துவார்கள், கதவைத் திறந்து பிடித்து நிற்பார்கள். நானும் பிடித்து நின்றிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வீடியோவில் பேசினேன். முதலில் அம்மா வந்தாள், குழம்பு விசாரித்தாள், ஃபோனை நைனாவிடம் கொடுத்தாள். திரையில் ஒரு மொட்டைத் தலை. காதுக்கு மேலே இருந்த கொஞ்சமும் இல்லை. மீசையும் இல்லை. மேலுதடு வெளுத்துப்போய், யாரோ அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது.

"நைனா" என்றேன். குரல் தானாகத் தணிந்துவிட்டது. "உடம்புக்கு இன்னா? டாக்டர்கிட்ட போனியா? பேச முடியலன்னா வுடு நைனா, எப்ப வேணா நிறுத்திக்கலாம்."

அவர் ஃபோனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். பிறகு சிரித்தார். மீசை இல்லாமல் அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

"இன்னா பாப்பா, திருத்தணில பொறந்துட்டு மொட்டையப் பாத்து டாக்டர்ன்ற?"

எனக்கு முகம் எரிந்தது. "எதுக்கு இப்ப?" என்று மட்டும் கேட்டேன்.

"உன்ன பாத்து அந்த வார்த்தைய நெனச்சாங்க இல்ல, அவங்க. அன்னிக்கே வேண்டிகினேன், என் புள்ள மேல அது ஒட்டக் கூடாதுனு. நீ இங்க கீறப்ப செஞ்சா கத்துவ. நீ போயி சேந்து, முடி வளந்து, நல்லா கீறேன்னு பாத்துட்டு நேத்து போயிட்டு வந்தேன்." தடவ மீசை இல்லாமல் கை உதட்டுக்கு மேலே போய்ச் சும்மா நின்றது. "தலைல ஒண்ணும் இல்ல. அதான் இத்தயும் சேத்துக் குடுத்துட்டேன்."

நான் ஃபோனை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். கவிழ்ந்த ஃபோனுக்குள்ளிருந்து நைனா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இன்னாம்மா, ஒண்ணும் தெரியல? கட்டாயிடுச்சா?"

"ஆங் நைனா" என்றேன். "இங்க நெட்டு சரியில்ல."